வெள்ளத்தில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்: இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் செய்ய வேண்டியவை

மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் எங்கள் பட்டறை வாசலில் இழுவை வண்டிகள் வரிசை பிடித்து நிற்கும். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருபது ஆண்டுகளாக எனக்கு இதுதான் தொழில். காரைக் கீழே இறக்கும் முன்பே உரிமையாளரிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: “வண்டி நின்ற பிறகு எத்தனை முறை ஸ்டார்ட் செய்து பார்த்தீர்கள்?”

“தொடவே இல்லை” என்று பதில் வந்தால் எனக்குப் பாதி நிம்மதி. அந்த வண்டி பெரும்பாலும் ஓரிரு நாளில் ஓடிப் போய்விடும். “இரண்டு மூன்று முறைதான், அண்ணே” என்று தலையைச் சொறிந்தால், இன்ஜினைப் பிரித்து வைக்க மேசையை ஒழிக்கும்படி பையனிடம் சொல்லிவிடுவேன். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், தலைப்பைப் படித்தால் போதும். நேரம் இருப்பவர்களுக்கு ஏன், எப்படி என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

மூன்று மேசைக்கரண்டி தண்ணீர்

இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது, அழுத்துகிறது, பெட்ரோலோடு சேர்த்து எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. இந்த நான்கில் தண்ணீர் கெடுப்பது இரண்டாவது வேலையை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கைப்பிடி மெத்தென்று உள்ளே இறங்கும். அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் சுவரைத் தள்ளுவது போல இருக்கும். காற்று சுருங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது.

சாலையில் சாதாரணமாகப் பார்க்கும் 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 400 மில்லிலிட்டர். அழுத்த விகிதம், அதாவது உள்ளே போன காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 44 மில்லிலிட்டர். அதாவது மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் பிஸ்டன் உச்சியைத் தொட முடியாது. அதைவிடக் குறைவாக, 30 மில்லிலிட்டர் மட்டுமே போயிருந்தாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. மிஞ்சும் 14 மில்லிலிட்டர் இடத்துக்குள் காற்று முழுவதும் நெருக்கப்படுவதால் அழுத்த விகிதம் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்றாகிவிடும். எந்தப் பெட்ரோல் இன்ஜினும் அதற்காக வார்க்கப்பட்டதல்ல.

டீசல் வேன் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டீசல் இன்ஜினின் அழுத்த விகிதம் அதிகம். 2 லிட்டர் டீசலில் பதினேழுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், மிஞ்சும் இடம் 31 மில்லிலிட்டர்தான்.

பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டி நிற்கும்போது கீழே, அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்‌ஷாஃப்ட் நிற்பதில்லை. மற்ற மூன்று சிலிண்டர்களின் உந்துதலும், சுழலும் ஃப்ளைவீலின் வேகமும், உருண்டுகொண்டிருக்கும் காரின் எடையும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட். அது வளையும், வேகம் அதிகமாக இருந்தால் உடைந்து, இன்ஜின் பிளாக்கின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பட்டறையில் இதை ஹைட்ரோலாக் என்போம். நீர்ப்பூட்டு என்று தமிழில் சொன்னாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

எந்தச் சுழற்சி வேகத்தில் தண்ணீர் புகுந்தது என்பதைப் பொறுத்தே சேதம். நெரிசலில் நின்றபடி நிமிடத்துக்கு 700 சுற்றில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், தண்ணீரை விழுங்கினால் பல நேரங்களில் இருமிவிட்டு அப்படியே நின்றுவிடும். உள்ளே எதுவும் வளைந்திருக்காது. 3,000 சுற்றில் வேகமாக வந்து வெள்ளத்தில் பாய்ந்த இன்ஜினுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதைச் சொன்னவுடன் சிலர் கேட்பார்கள்: மழையில் ஓட்டும்போது ஈரக்காற்று உள்ளே போகிறதே, அப்போது ஏன் ஒன்றும் ஆவதில்லை? தண்ணீர் இன்ஜினுக்கு விஷமல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் கூடுதல் சக்திக்காக இன்ஜினுக்குள் தண்ணீரைத் தூவவே செய்தார்கள். தூவலாகப் போவது ஆவியாகிவிடுகிறது. கரண்டிக் கணக்கில் ஒரேயடியாகப் போவதுதான் பிரச்சினை.

முதல் வேலை: வெயில் நாளில் காரின் மூக்கைக் கண்டுபிடியுங்கள்

கார் எவ்வளவு ஆழத் தண்ணீரைத் தாங்கும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சக்கரத்தைக் காட்டுவார்கள். உண்மையான எல்லை காற்று உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பானெட்டைத் திறந்து பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தெரியும்; அதற்குள் ஏர் ஃபில்டர் இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து முன்பக்கமாகப் போகும் குழாயை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். சில கார்களில் அது ரேடியேட்டருக்கு மேலே, முன் கிரில்லின் உச்சியில் முடியும். சிலவற்றில் முகப்பு விளக்குக்குப் பின்னால் வளைந்து, சக்கரக் கூண்டுக்குள் இறங்கிவிடும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் ஒரு சாணுக்கு மேலேயே இருக்கும். தரையிலிருந்து அந்த வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளவுநாடா வைத்து அளந்து, கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் சக்தி கிடைக்கும் என்று நம்பிக் குளிர்காற்றுக் குழாயைத் தனியாக வாங்கிப் பொருத்தியவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் வாய் பம்பருக்கு அடியில், சாலையை முத்தமிடும் உயரத்தில் இருக்கும். அப்படிப்பட்ட காரோடு மழைநாளில் வெள்ளத்துக்குப் பேர்போன புக்கிட் தீமா பக்கம் போகிறவரின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். என் தொழிலுக்கு அவரால் நன்மைதான்.

அந்த மூக்கு உறிஞ்சும் வேகத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1.6 லிட்டர் இன்ஜின் 2,000 சுற்றில், முழு ஆக்சிலரேட்டரில், நிமிடத்துக்கு 1,600 லிட்டர் காற்று வரை இழுக்கும். வாய் நீருக்குள் முழுதாக மூழ்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரே வரும் லாரி கிளப்பும் ஒரே ஓர் அலை அந்த வாயில் மோதினால் போதும்.

மழை தொடங்குமுன்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் ஊர் வெள்ளம் நாள்கணக்கில் தேங்கி நிற்பதல்ல. குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கால்வாயின் கொள்ளளவை மிஞ்சும்போது வருகிற திடீர் வெள்ளம். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் ரோடே நீரில் மூழ்கியது. 2021 ஏப்ரல் 17 அன்று டனர்ன் ரோடு, புக்கிட் தீமா பக்கம். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் தெம்பனிஸ் அவென்யூ 10, பாசிர் ரிஸ் டிரைவ் 12 சந்திப்பில் கார்கள் நீரில் சிக்கி நின்றன. ஓட்டுநர்களைக் குடிமைத் தற்காப்புப் படையினர் மீட்க வேண்டியிருந்தது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை. இடையில் விடியற்காலைத் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்றோடு வரும் மழை. தப்பிக்க மாதம் பார்த்துப் பயனில்லை.

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் டெலிகிராம் பக்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். எந்தச் சாலையில் வெள்ள அபாயம், எங்கே வடிந்துவிட்டது என்று உடனுக்குடன் அறிவிப்பு வரும். மைஈஎன்வி செயலியிலும் இதைப் பார்க்கலாம். அறிவிப்பு வந்தால் அரை மணி நேரம் கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுவதே சிறந்த ஓட்டுநருக்கு அழகு. நம் ஊர் திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஒரு கோப்பியும் ஒரு பரோட்டாவும் முடிவதற்குள் வடியத் தொடங்கிவிடும். நேரக் கணக்கில் ஓடும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் விநியோக வேன்காரர்களுக்கும் இது கசப்பான அறிவுரை என்று தெரியும். ஒரு பயணக் கட்டணத்தையும் ஓர் இன்ஜினின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாலையில் தண்ணீர் தெரிகிறது, போகலாமா?

கலங்கிய நீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. சாலையோர விளிம்புக்கல்லைப் பாருங்கள். அது மூழ்கியிருந்தால் திரும்பிவிடுங்கள். முன்னால் நிற்கும் காரின் சக்கரத்தைப் பாருங்கள். அச்சு வரை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீர் என்றால் சுமார் 30 சென்டிமீட்டர். அந்த ஆழத்தில் பல சிறிய கார்கள் மிதக்கவே தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், கார் இருக்காது. உயரமான எஸ்யூவி போய்விட்டதே என்று அதன் பின்னால் போகாதீர்கள். அதன் மூக்கு வேறு உயரத்தில் இருக்கிறது.

தண்ணீர் விளிம்புக்கல்லுக்குக் கீழேதான், பின்னால் வரிசை, திரும்ப வழியில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். சிக்னலில் தானாக இன்ஜினை அணைத்து ஏற்றும் வசதி இருந்தால் அதை முதலில் முடக்குங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். குளிரூட்டியையும் அணைத்துவிடுங்கள், ரேடியேட்டர் விசிறி தண்ணீரை வாரி இறைக்காமல் இருக்கும். முன்னால் செல்லும் கார் முழுதாகக் கரையேறும் வரை காத்திருங்கள். சாலையின் நடுப்பகுதி சற்று மேடாக இருக்கும். அதன் வழியாகக் கீழ் கியரில், நடக்கும் வேகத்தில், ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்துக்கொண்டு போங்கள். வேகம் கூடினால் உங்கள் காரே தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்பி, அதைத் தானே குடிக்கும். நடுவில் நிறுத்தாதீர்கள். எதிரே கனரக வாகனம் வந்தால் அது கடந்த பிறகு இறங்குங்கள்.

கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்திக் காய வைக்க வேண்டும். ஈரப் பிரேக் முதல் அழுத்தலில் ஏமாற்றும்.

வண்டி நின்றுவிட்டது: முதல் பத்து நிமிடங்கள்

இங்கேதான் இன்ஜின் பிழைப்பதும் சாவதும் முடிவாகிறது.

மனித இயல்பு, ஸ்டார்ட் விசையை மறுபடி அழுத்தச் சொல்லும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், கால் நனையத் தொடங்கும், பதற்றமாக இருக்கும். அழுத்தாதீர்கள். இன்ஜின் நின்றபோது உள்ளே போயிருந்தது ஒருவேளை ஒரு கரண்டித் தண்ணீர்தான். மீதி ஏர் ஃபில்டர் பெட்டியிலும் குழாயிலும், டர்போ கார் என்றால் அடியில் இருக்கும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் தேங்கிக் காத்திருக்கிறது. நீங்கள் ஸ்டார்ட் செய்யும்போது அதெல்லாம் உறிஞ்சப்படுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலம் மட்டுமே ராடை வளைத்துவிடுவது அரிது. பெரும்பாலும் ‘டக்’ என்று முட்டி நின்றுவிடும். ஆனால் தண்ணீர் புகாத சிலிண்டர் ஒன்று அந்த நேரத்தில் பற்றிக்கொண்டால், அதன் முழு பலமும் தண்ணீர் நிறைந்த பக்கத்துச் சிலிண்டரின் ராடின் மேல் இறங்கும். நான் பிரித்துப் பார்த்த வளைந்த ராடுகளில் பல இப்படி வளைந்தவை.

ஆகவே விசையை முழுதாக அணையுங்கள். கலப்பின (ஹைபிரிட்) வாகனக்காரர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். கலப்பின கார்களில் இன்ஜின் ஓடாமல் அமைதியாக இருப்பதாலேயே அணைந்துவிட்டது என்று பொருளல்ல. ‘ரெடி’ விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை, மின்கலத்தில் சக்தி குறைந்தால் கணினி தானாகவே இன்ஜினை ஏற்றிவிடும். சிக்னல் நிறுத்த வசதியும் அப்படித்தான்; பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், கேட்காமலேயே இன்ஜின் உயிர்பெறும். அதனால்தான் அதை முன்பே முடக்கச் சொன்னேன். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயர் அழுத்த மின்சாரம் செல்பவை. அவற்றை எந்தச் சூழலிலும் தொட வேண்டாம்.

அணைக்கும் முன்பே கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மின்சாரம் போன பிறகு கண்ணாடி இறங்காது, வெளியே நீரின் அழுத்தம் இருந்தால் கதவும் திறக்காது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தால் காரை மறந்துவிட்டு இறங்கி மேட்டுக்குப் போங்கள். சிக்கிக்கொண்டால் அவசர எண் 995. கார் என்பது தகரம். அதற்குக் காப்புறுதி இருக்கிறது.

தண்ணீர் ஏறவில்லை, ஆபத்து இல்லை என்றால் அபாய விளக்கைப் போட்டுவிட்டு, கைப்பேசியில் படம் எடுங்கள். காரின் பக்கத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கிறது என்பது தெரியும்படி நான்கு பக்கமும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் அந்தப் படம் ஆயிரம் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

இழுத்துச் செல்வதும் காப்புறுதியும்

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்புச் சேவை அருகிலுள்ள ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். மற்ற சாலைகளில் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை முதலில் அழையுங்கள். தெருவில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கார் எந்தப் பட்டறையில் இருக்கிறது என்று மறுநாள் தேடியவர்கள் உண்டு. தட்டையான தளத்தில் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள். கியரில் இருக்கும் காரின் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் இன்ஜினும் சுழலும். தானியங்கிக் கியர்பாக்ஸுக்கும் அது கேடு. தள்ளி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று யோசனை சொல்பவரைப் புன்னகையோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் காருக்கு ஏற்பட்ட வெள்ளச் சேதத்துக்கு ஒரு காசும் தராது. முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் வெள்ளம் என்ற சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது, நீங்கள் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று இன்றே பார்த்துவையுங்கள். நின்ற வண்டியை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து சேதத்தைப் பெரிதாக்கியது தெரிந்தால் பணம் தருவதில் இழுபறி வரலாம். அவர்கள் அனுமதி தரும் முன்பு எதையும் பிரிக்கவும் கூடாது.

பட்டறையில் என்ன செய்ய வேண்டும்

இந்தப் பகுதியை நீங்களே செய்வதற்காக எழுதவில்லை. பட்டறையில் நிற்கும்போது சரியான கேள்வியைக் கேட்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்ற வேண்டும். பிறகு ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, நிறம் தே தாரிக் (பால் தேநீர்) போல் ஆகியிருந்தாலோ, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. தானியங்கிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அப்படியே. சிவந்த ஆயில் நீர் கலந்தால் பண்டுங் போல இளஞ்சிவப்பாகிவிடும். இந்த இரண்டு பானங்களையும் இயந்திரத்தில் பார்த்தால் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டி. மூடியைத் திறந்து காகித ஃபில்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால், பெட்டியின் அடியிலும் ஈரம் இல்லையென்றால், மூக்கு வழியாகத் தண்ணீர் போகவில்லை. ஏதோ ஒரு மின் இணைப்பு நனைந்ததால் வண்டி நின்றிருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஃபில்டர் நனைந்து தொங்கினால், அல்லது அதைத் தாண்டிய குழாயில் துளிகள் தெரிந்தால், தண்ணீர் உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

இப்போது ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். டீசல் என்றால் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர். எரிபொருளும் தீப்பொறியும் வராதபடி துண்டிக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட்டரை அழுத்துவதல்ல முறை. கிராங்க்‌ஷாஃப்ட் முனையில் ஸ்பேனரை மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று மெல்லச் சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியேறும். முகத்தை மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நான் ஒருமுறை குடித்திருக்கிறேன். கை எங்காவது இறுக்கமாக முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தடையின்றிச் சுழன்றால் அதற்குப் பிறகே ஸ்டார்ட்டரில் சில விநாடிகள் சுழற்றி, மிச்ச ஈரத்தைத் துரத்தலாம்.

டர்போ காரில் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துக் கொட்ட மறக்கக் கூடாது. சிலிண்டரை எல்லாம் பக்குவமாகக் காயவைத்து, ஃபில்டரை மாற்றி, ஸ்டார்ட் செய்த அந்த நிமிடத்தில் இன்டர்கூலரில் மிஞ்சியிருந்த தண்ணீரை இன்ஜின் குடித்துச் செத்த கதை எங்கள் தொழிலில் புதிதல்ல.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய இரண்டு சோதனைகளைத்தான் பல இடங்களில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, பிளக் துளை வழியாக அளவுகோலை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. வளைந்த ராட் குட்டையாகிவிடுகிறது. அதன் பிஸ்டன் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ தாழ்ந்து நிற்கும். அந்தச் சிறு வித்தியாசம்தான் தீர்ப்பு.

எல்லாம் சரி என்றால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் மாற்றலில் ஈரம் முழுதாகப் போவதில்லை. கியர்பாக்ஸ், பின் அச்சு ஆயில்களையும் பார்க்க வேண்டும். அவற்றின் காற்றுத் துவாரம் வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரு வாரம் கழித்துச் செய்தால் பயன் குறைவு. சிலிண்டர் சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஈரம் பட்ட இடத்தில் ஓரிரு நாளிலேயே துரு பூக்கத் தொடங்கும். காப்புறுதி அனுமதி தாமதமானால், பிளக் துளை வழியாகச் சிறிது ஆயிலாவது ஊற்றி வைக்க அனுமதி கேளுங்கள். கடலோரத்தில், பெருக்கு நேரத்து உப்புநீரில் நின்ற கார் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் வராதா என்று பலர் கேட்கிறார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை புகையின் அழுத்தம் அதைத் தள்ளிவிடும். ஆழத்தில் நின்றுபோன பிறகு மெல்ல ஏறலாம். கொதித்துக்கொண்டிருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் திடீரென்று நனைந்தால் அதன் உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விடுவதும் உண்டு.

இரண்டு மாதம் கழித்து வரும் தட்டல்

ஒரு வேன் ஓட்டுநர், தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி இறக்குபவர். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கரைக்குத் தள்ளி, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்து மாட்டி, நாலைந்து முறை அழுத்தி ஏற்றிவிட்டார். வண்டி வெண்புகை கக்கியது, சற்று நடுங்கியது, பிறகு ஓடியது. “பார்த்தீர்களா அண்ணே, ஒன்றும் ஆகவில்லை. பட்டறைக்காரர்கள் பயமுறுத்துகிறீர்கள்” என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினார். இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உள்ளிருந்து ஒரு தட்டல் சத்தம். சூடானதும் அடங்கிவிடுகிறது என்று விட்டுவிட்டார். ஒருநாள் விரைவுச்சாலையில், 80 கிலோமீட்டர் வேகத்தில், ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஆயில் முழுவதும் சாலையில்.

சற்றே வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும். ஆனால் பிஸ்டன் நேராக ஏறி இறங்காமல் சுவரைச் சாய்வாக உரசிக்கொண்டே போகும்; வளைந்த இடத்தில் உலோகம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் கார் ஓடுகிறது என்றாலும், ஆயில் குறைகிறதா, புதிய சத்தம் வருகிறதா, ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று மூன்று மாதம் கவனியுங்கள். பழைய கார் வாங்குபவர்களும் இதற்காகவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து நீர்க்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உபரிச் சக்கரத்தைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வாசனைத் திரவியம் தூக்கலாக இருக்கும் காரில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வெள்ளமே இல்லாமல்

சிலிண்டர்களின் மேல்மூடிக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதானால் ரேடியேட்டர் நீரே இரவோடு இரவாகச் சிலிண்டருக்குள் கசிந்து தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அதே நீர்ப்பூட்டு. கசிவுத் தடயம் எதுவும் தெரியாமல் குளிர்நீர் குறைந்துகொண்டே வந்தால், காலையில் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால், தள்ளிப்போடாதீர்கள். பானெட்டைத் திறந்து உயர் அழுத்தக் குழாயால் இன்ஜினைக் கழுவுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏர் ஃபில்டர் பெட்டியையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுக் கழுவுங்கள். அல்லது ஈரத்துணியால் துடையுங்கள், அது போதும்.

இன்ஜின் போய்விட்டால்

ராட் பிளாக்கைத் துளைத்துவிட்டால் பழுதுபார்ப்பதைவிட, பயன்படுத்திய இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே பெரும்பாலும் மலிவு. இன்ஜின் எண் மாறும் என்பதால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் மாற்ற வேண்டும். பட்டறையே செய்து தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, காலவரம்புள்ள வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். வேறு எந்த ஊர்க்காரருக்கும் இல்லாத கணக்கு இது. இங்கே சான்றிதழின் விலை சில ஏலங்களில் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. ஏழெட்டு ஆண்டு பாக்கியுள்ள காருக்கு இன்ஜின் மாற்றுவது எளிதான முடிவு. ஓர் ஆண்டு பாக்கி என்றால், பதிவை நீக்கித் திரும்பக் கிடைக்கும் தொகையை இன்ஜின் செலவோடு ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

அந்தக் காய்கறி வேன்காரர் அப்படித்தான் எழுதிப் பார்த்தார். அவருக்குப் பாக்கி பதினொரு மாதம். வேனை விட்டுவிட்டார். இப்போது வேறு வேன் ஓட்டுகிறார்; மழை பிடித்தால் தேக்கா மார்க்கெட்டில் எங்காவது கோப்பியோடு உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, டனர்ன் ரோட்டில் வடிந்துவிட்டதா?” என்று எனக்குப் போன் செய்கிறார்.